கருப்பு இறக்கும்வரை

அன்றைக்குச் சாக்கு காலியாக இருந்தது. சாலம்மாளின் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் பழைய உரச்சாக்கு அது. லூர்துமேரி குனிந்து கைவிட்டுத் துழாவினாள். கொஞ்சம் வெங்காயச் சருகும் ஒரு பிஸ்கட் கவரும் அகப்பட்டன, ஆரஞ்சுச் சட்டையைக் காணோம். ரெண்டு மாதமாக விடியற்காலை நாலே முக்காலுக்கு அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் அவள் ஹைவேயில் சைக்கிளை ஏற்றுவாள். மத்தியானம் திரும்பும்போது கழற்றிச் சாக்குக்குள் திணித்துவிட்டு, கருப்புப் புடவையும் கருப்பு ஜாக்கெட்டுமாக உத்தமி போல ஊருக்குள் நுழைவாள்.

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த சாலம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நேத்து சாயங்காலம் ஒங்க அண்ணி வந்துச்சு. ஒரு வார்த்த பேசல. நேரா குனிஞ்சி எடுத்துக்கினு போயிடுச்சு."

ஊர்க்காரி யாரோ பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறாள். குறை சொல்ல வழியில்லை. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்தச் சட்டை, தெரிந்துவிட்டது.

லூர்துமேரியின் புருஷன் சவுரியப்பன் செத்து எட்டு மாதம் ஆகிறது. அந்த ஊர் கிறிஸ்தவக் குடும்பங்களில் புருஷன் செத்தால் பெண்டாட்டி ஒரு வருஷம் கருப்புக் கட்ட வேண்டும். வருஷப் பூசை முடிந்ததும் நாத்தனார் ஒரு கலர்ப் புடவை எடுத்துக் கொடுத்துக் கருப்பை இறக்கி வைப்பாள். அதுவரை உடம்பில் வேறு நிறம் படக்கூடாது. பங்குச்சாமியே ஒருமுறை, இப்படியெல்லாம் திருச்சபையில் சட்டம் எதுவும் இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். சாமியாருக்கு என்ன, அவரா கூடப்பிறந்தார் என்று லூர்துமேரியின் நாத்தனார் தெரசா கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் வேறு விஷயங்களைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டார்.

தெரசா சவுரியப்பனுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு மாதம்கூடத் தங்காமல் திரும்பி வந்தவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தம்பி பெண்டாட்டியையும் தம்பி மகளையும் அதே கையால் பிடித்து வைத்திருப்பவள். வீடு இன்னும் அவர்களுடைய அப்பா பேரிலேயே இருந்தது. அதை அவள் தினம் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒருதடவை, சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள், போதுமானதாக இருக்கும்.

சவுரியப்பனும் இதே ரோட்டில்தான் போனான். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். காப்பித்தூள் கலர் சட்டை, லைட் இல்லாத சைக்கிள். போலீஸ் ஸ்டேஷனில் லாரி டிரைவர் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். ஆளே தெரியலைங்க சார். தெரசா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். ஆறடி உயரம் எம் தம்பி, உனக்கு எப்படிடா தெரியாமல் போகும் என்று அவள் போட்ட சத்தத்தில் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் லூர்துமேரி தொப்பூரில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் சமையல் கட்டுக்கு வேலைக்குப் போனாள். மகள் அன்பரசிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. சாலம்மாள் கடைவரை மண்ரோடு, அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் ஹைவே, முழுக்க இறக்கம். ஓட்டல் வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, பச்சைக் கொடியை வீசி லாரிகளை உள்ளே அழைக்கும் மாரப்பன் இவள் வந்து இறங்குவதை ஒரு வாரம் பார்த்தார். பிறகு தன்னுடைய பழைய சட்டையைத் துவைத்து எடுத்துவந்து கொடுத்தார். கையில்லாத சட்டை, முன்னும் பின்னும் வெள்ளிப் பட்டை. "டிரைவருங்களுக்கு மனுசன் தெரியமாட்டாம்மா. இந்தப் பட்டதான் தெரியும்" என்றார். அதைப் போட்ட முதல் நாளே லாரிகள் இவளைவிட்டு ஒரு கஜம் விலகிப் போயின. எட்டு மாதத்தில் உலகம் அவளுக்குக் காட்டிய ஒரே மரியாதை அது.

சட்டையில்லாத முதல் நாள் எப்படியோ வேலைக்குப் போய்த் திரும்பியவளுக்கு, ஊர் எல்லையிலேயே அது கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டுச் சோளக்காட்டு நடுவில், கிளி விரட்டக் குச்சியில் கட்டியிருக்கும் பொம்மைக்கு மாட்டியிருந்தது. சும்மா மாட்டவில்லை. கோணி ஊசியால் குச்சியோடு சேர்த்துத் தைத்திருந்தது. மத்தியான வெயிலில் அது கண்ணைப் பறித்தது. பொம்மைக்கு ஒரு ஆபத்தும் வராது.

தெரசா அன்பரசியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தாள். கூடத்தில் சவுரியப்பன் படத்துக்குக் கீழே பெண் உட்கார்ந்திருந்தது. அழுதிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. லூர்துமேரி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கெஞ்சினால் நடக்கும் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனுஷிதானே, தம்பியைப் பறிகொடுத்தவள்தானே, ரோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தாள்.

"அண்ணி, அது அலங்காரத்துக்கு இல்ல அண்ணி. ரோட்டுல நான் தெரியறதுக்கு."

"எம் தம்பி போயி வருசம் திரும்பல" என்றாள் தெரசா. குரலை உயர்த்தவில்லை. "யாருக்குடி நீ தெரியணும்?"

அன்பரசி தலையைக் குனிந்துகொண்டாள். தெரசா லூர்துமேரியின் வலது கையைப் பிடித்து இழுத்து அந்தக் குனிந்த தலைமேல் வைத்தாள். வருஷப் பூசைவரைக்கும் கருப்பை இறக்க மாட்டேன், கருப்புக்கு மேலே ஒரு நூல் போடமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். இல்லாவிட்டால் இப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம், பெண் மட்டும் இங்கே இருக்கும் என்றாள். லூர்துமேரிக்கு அம்மா வீடு என்று ஒன்று இல்லாமல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அது தெரசாவுக்கும் தெரியும்.

"சொல்லிடும்மா" என்றது பெண், கைக்கு அடியிலிருந்து. "பிரச்சன வேணாம்மா."

சொன்னாள். சொல்லி முடித்ததும் தெரசா எழுந்துபோய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கருவாட்டுக் குழம்பு, லூர்துமேரிக்குப் பிடித்ததுதான். தெரசா கெட்ட எண்ணத்தில் எதையும் செய்கிறவள் இல்லை. தம்பியை நினைத்து ராத்திரி ராத்திரி அழுகிறவள், தன்னைப் போல மற்றவர்களும் அழ வேண்டும் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான்.

மாரப்பனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். சைக்கிள் சத்தியம் பண்ணவில்லையே என்று சொல்லிவிட்டு, பின்சக்கரத்து மட்கார்டில் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். லைட் பட்டால் பளிச்சென்று மின்னும். ஆனால் ஓட்டலுக்குத் தேவையான வாழையிலைக் கட்டை சாலம்மாள் கடையிலிருந்து கேரியரில் வைத்துக் கொண்டுபோவது லூர்துமேரியின் வேலை. இலைக்கட்டு ரெண்டு பக்கமும் தொங்கி மட்கார்டை மூடிவிடும். அவள் முன்னால் பார்த்து ஓட்டுகிறவள், பின்னால் என்ன தெரிகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும். பகலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது பட்டை ஜோராக மின்னியது. அதை நம்பிப் பதினோரு நாள் போனாள்.

பன்னிரண்டாம் நாள் பனி. கணவாய்ப் பக்கம் மார்கழியில் இறங்கும் பனி, கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். சாலம்மாள்கூட இன்றைக்கு விடிந்து போயேன் என்றாள். விடிந்து போனால் இட்லிக்கு யார் நிற்பது என்று லூர்துமேரி இலைக்கட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஓர இரும்புத் தடுப்பை ஒட்டி, பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினாள். ஒவ்வொரு லாரியும் பக்கத்தில் வந்த பிறகுதான் வந்தது தெரிந்தது. முன்பு ஒரு கஜம் விலகியவை இப்போது முந்தானையை இழுத்துக்கொண்டு போயின.

இடித்தது லாரி இல்லை. காய்கறி ஏற்றிப் போகும் சின்ன வேன் ஏதோ ஒன்று. அதன் பக்கத்துக் கண்ணாடி தோளில் பட்டது. இடித்தவனுக்கு இடித்தது தெரிந்ததோ என்னவோ, வேகம்கூடக் குறையவில்லை. கண்ணைத் திறந்தபோது லூர்துமேரி தார் ரோட்டு ஓரத்தில் கிடந்தாள். சைக்கிளும் செல்போன் வைத்திருந்த பையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் சரிவில் போய்விட்டிருந்தன. வாழையிலைகள் அவளைச் சுற்றி விரிந்து கிடந்தன. வலது கால் முழங்காலுக்குக் கீழே தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருந்தது. வலி இன்னும் வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது. இறக்கத்தில் பிரேக் சூடான லாரிகள் ஓரத்தில்தான் ஒதுங்கும், அவள் கிடக்கும் இதே ஓரத்தில்.

கத்திப் பார்த்தாள். ஒரு லாரி கடந்தது. கைகளை ஊன்றி நகரப் பார்த்தாள், கால் வரமாட்டேன் என்றது. இன்னொரு லாரி கடந்தது, சக்கரக் காற்றில் ஒரு இலை எழும்பி அவள் முகத்தில் அறைந்தது. கருப்புத் தலை, கருப்பு ஜாக்கெட், கருப்புப் புடவை, கருப்பு ரோடு. ஆளே தெரியலைங்க சார் என்று நாளைக்கு ஒருத்தன் ஸ்டேஷனில் நின்று சொல்வான், அது பொய்யாகவும் இருக்காது.

அப்போதுதான் உள்பாவாடை நினைவுக்கு வந்தது. துக்கத்துக்கென்று தெரசா மூன்று கருப்புப் புடவையும் மூன்று ஜாக்கெட்டும் எடுத்துவந்தாள். உள்ளே கட்டுவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவள் கட்டியிருந்தது பழைய எலுமிச்சை மஞ்சள்.

மகள் தலையில் வைத்த கை இதுதான். லூர்துமேரி அந்தக் கையைப் பார்த்தாள். சாமி, அந்தத் தலைக்கு ஒன்றும் வரவேண்டாம், வருவதாக இருந்தால் எனக்கு வரட்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். கொசுவத்தைப் பிடுங்கினாள். இடுப்பைத் தூக்கித் தூக்கிப் புடவையை உருவினாள். அதற்குள் வலி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உருவி, சுருட்டித் தூர எறிந்துவிட்டு, தடுப்பில் சாய்ந்து மஞ்சள் தெரிய உட்கார்ந்தாள். முப்பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை, தேசிய நெடுஞ்சாலையில், பாவாடை ஜாக்கெட்டோடு. அடுத்த லாரி அவளைப் பார்த்தது. ஹாரனை அலறவிட்டு, ஒடித்து, விலகிப் போயிற்று. நிற்கவில்லை. ஆனால் விலகியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நின்றது ஒரு பைக். குரங்குக் குல்லா போட்ட ஆள், ஐம்பது வயது இருக்கும். வண்டியை அணைத்துவிட்டு ஓடி வந்தவர் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயோ ஐயோ என்றார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே தரையில் தடவி, எறிந்து கிடந்த புடவையை எடுத்து உதறினார். கழுத்திலிருந்து கால்வரை அவள்மேல் போர்த்தினார். நல்ல மனிதர். காற்றுக்குத் தூக்கிவிடக் கூடாது என்று ரெண்டு ஓரத்தையும் அவளுக்கு அடியில் செருகி, கால் பக்கம் தடுப்போரம் கிடந்த கல்லைத் தூக்கி வைத்தார்.

"அண்ணா, எடுத்துடுங்க. எடுத்துடுங்கண்ணா, தெரியாது."

"யாருக்கும் தெரியாதும்மா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டன், ஒரு தங்கச்சி மாதிரி."

அடிபட்டதில் என்னமோ உளறுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். இங்கே டவர் இல்லை, மேட்டுக்குப் போய் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுகிறேன், அசையாமல் இரு என்று சொல்லிவிட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். நாலு எட்டில் பனி அவரை விழுங்கிவிட்டது.

மேலே வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கனமான லாரி, இரும்போ சிமெண்டோ ஏற்றியது. பிரேக் கருகும் நாற்றம் முதலில் வந்தது. லூர்துமேரி புடவையைப் பிடித்து இழுத்தாள். மார்புவரை வந்தது, இடுப்புவரை வந்தது, அதற்குக் கீழே அவளுடைய எடையும் அந்த மனிதர் வைத்த கல்லும் பிடித்துக்கொண்டன. ஒரு கையால் இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் பாவாடையை எட்டிப் பிடித்தாள். மஞ்சள் ஒரு சாண் வெளியே வந்தது. வளைவு திரும்பிய வெளிச்சம் இரும்புத் தடுப்பை ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு, ஓரத்தை ஒட்டி, இறங்கி வந்துகொண்டிருந்தது.