சீட்டை நகர்த்தியவள்

1

இந்தக் கதை ஒரு விற்பனை விளம்பரத்தில் கிடைத்தது. கையாலேயே ஓட்டும்படி ஆல்ட்டர் செய்த கார், படங்கள் எட்டு. எல்லாம் பளிச். பழைய காருக்கு ஏன் இத்தனை நல்ல படம் என்று யோசித்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'பிரேக் வயரை யாரோ அறுத்திருந்தார்கள். அவள் அதை அறியாமல்...'

அடித்துவிட்டேன். பழக்கதோஷம். இதில் கொலையில்லை. பிறவியிலேயே கால் வராத பெண், பதினொரு மாதம் அந்தக் காரை ஓட்டினாள். காய்ச்சலில் படுத்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

2

அதன்பிறகு அந்தக் காரின் கதவை யாரும் திறக்கவில்லை. விற்பதற்கு முன், அவள் விட்டுப்போன மாதிரியே ஒரு படம் வேண்டும் அப்பாவுக்கு. ஆல்ட்டர் கார்களைப் படமெடுப்பதில் கெட்டிக்காரி ஒருத்தியை வரச்சொன்னார்.

"விக்கற காருக்குக் கல்யாண ஆல்பமா?" என்று கேட்ட மனைவி, கேட்டதுமே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போட்டோகிராபரும் கேட்டாள். "விக்கறதுக்கா சார்?"

"ஆமாம்மா. விக்கறதுக்குத்தான்."

[இங்கே அவரை உண்மை பேசவைக்க நாலு தடவை முயன்றேன். வாய் திறக்கமாட்டேன் என்கிறார்.]

"கொஞ்சம் சிரி கண்ணு" என்று காரைக் கொஞ்சியபடி அவள் வெளிப்புறத்தை எடுத்து முடித்தாள். பிறகு கதவைத் திறந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டக். டக். டக்... சீட் பின்னால் நகரும் சத்தம்.

ஓடிவந்தார். "என்னம்மா பண்ணினே?"

"முன்சீட் ரெண்டும் ஒரே கோட்டுல இருந்தாத்தான் சார் உள்பக்கப் படம் எடுப்பா இருக்கும்.* யாரு சார் இது, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓட்டினது?"

"என் பொண்ணு."

"அப்போ கூப்பிடுங்க, அவங்களையே உக்காரவச்சு ஒண்ணு..."

அவர் முகத்தைப் பார்த்தாள். கேமரா கீழே இறங்கியது.

"நகர்த்தறதுக்கு முன்னாடி ஒண்ணுகூட எடுக்கலையா?"

"கலைஞ்சு கெடக்கறதை யாரு சார் எடுப்பா? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

*அவள்மேல் தப்பில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

3

சீட்டுக்கு அடியில் பல் பல்லாக ஒரு தண்டவாளம். இருவரும் மண்டியிட்டுக் குனிந்தார்கள்.

"எத்தனை பல்லு தள்ளினே?"

"நாலு. இல்ல சார்... அஞ்சோ?"

முடிவு ஒன்று: தினமும் பெல்ட் மாட்டிவிட்ட அம்மா வந்து, "நாலு" என்கிறாள். எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, பெல்ட் மாட்டுகிறவள் பல்லை எண்ணமாட்டாள்.

முடிவு இரண்டு: மகளின் செல்போனில் திடீரென்று ஒரு பழைய படம்... சே. தொடர்கதைப் புத்தி.

நடந்தது இவ்வளவுதான். நாலாவது பல்லில் ஒரு படம், ஐந்தாவதில் ஒரு படம், போட்டோகிராபர் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். விளம்பரத்தில் அந்த இரண்டும் இல்லை. ஒன்று மகளின் இடம். மற்றது வெறும் சீட். எது எது என்று எனக்கும் தெரியாது.

நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மற்றதை அந்த அப்பாவின் கையிலிருந்து நீங்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.