சனிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம்

பாரீசிலிருந்து சென்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பத்து மணி நேரம், நடுவில் இறங்கி ஏறினால் பதினாலு. அங்கிருந்து காரைக்காலுக்குக் காரில் ஆறேழு மணி நேரம். பன்னிரண்டு வருடமாக என் அம்மா இசபெல்லா இந்தக் கணக்கை எங்கள் தலத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணை மூடினால் மறுநாளே பிள்ளை வந்து நிற்பானாம். பிள்ளை என்றால் என் தம்பி சார்லஸ். அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பீ மூத்திரம் அள்ளுகிற நான் பிள்ளையில் சேர்த்தியில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் ஊட்டிய இட்லியைத் துப்பிவிட்டு, அவன் இருந்தால் இப்படியா போடுவான் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ செத்தால் வருகிறானா என்று பார்த்துவிடலாமா என்றேன். பாரேன் என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. வருகிறவனுக்கு வஞ்சிரம் வாங்கி வைக்கவும் சொன்னாள்.

ஸ்பீக்கரைப் போட்டு சார்லசைக் கூப்பிட்டேன். அம்மா போய்விட்டாள், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்றேன். முழுசாக இரண்டு நாளுக்கு மேல் கொடுத்திருந்தேன். வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்துகூடக் கோவிலுக்கு வரலாம்.

அழுதான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதான். பார்த்தாயா என்று அம்மா கட்டிலிலிருந்து கண்ணைக் காட்டினாள். அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினான்.

"பத்து மணி நேரம் பறந்து, அப்புறம் கார்ல வந்து, மூஞ்சியப் பாத்துட்டு உடனே திரும்பணும்க்கா. எனக்காக எதுக்கு ஐஸ் பெட்டில போட்டு வெக்கிறீங்க? நாளைக்கே எடுத்துடுங்க. வீடியோ மட்டும் போடு."

போனை வைத்தேன். அம்மா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்? அப்புறம் வாயைத் திறந்தாள்.

"உன் கொரல்ல துக்கமே இல்லடி கிறிஸ்டி. அதான் புள்ள கெளம்பல. நான் உசுரோட இருக்கேன்னு சொல்லிடு. மனசொடிஞ்சு கெடப்பான்."

சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சிக்னல் கிடைக்காததால் வீடியோ போட முடியவில்லை என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அத்தோடு அம்மாவுக்கு அவன் வாராவாரம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோனது. அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்தவளுக்கு எவன் போன் போடுவான்?

நேற்று அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அங்கே கோவிலில் பணம் கொடுத்துவிட்டானாம். ஏதாவது எழுதியிருக்கிறானா என்று அம்மா கேட்டாள். உன் உடம்பு தேற வேண்டுமென்று பூசை வைத்திருக்கிறான் என்றேன்.

அவ்வளவுதான், தெருவில் போன மீன்காரி கமலாம்பாளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெத்தவளுக்காக நீ என்னிக்காவது ஒரு பூசை வெச்சிருக்கியாடி?"