தலைவர் நின்ற மூன்று விநாடி

கிருஷ்ணராஜ் அண்ணாச்சிக்கு ஐம்பத்து மூன்று வயதில் கைகளால் நிற்க வேண்டும் என்ற ஆசை வந்ததற்கு மதுரையில் நடந்த ஒரு கூட்டம்தான் காரணம்.

கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலை ஒன்று வைத்திருப்பவர் அவர். பயிற்சிக்குத் தரையில் விரிக்கிற நாலு மேட் வாங்கிக் கொடுத்து, காலியாகக் கிடந்த தன் கல்யாண மண்டபத்தையும் சாயங்காலங்களில் திறந்துவிட்டதால், வட்டார ஜிம்னாஸ்டிக்ஸ் கழகத்துக்குத் தலைவராகியிருந்தார். முதல் வருஷம் முழுக்க அந்தப் பெயர் அவர் வாயில் ‘ஜிம்னாஸ்டி’ வரைக்கும்தான் வந்தது. மதுரைக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது வேறொரு ஊர்த் தலைவர், அறுபத்தோரு வயதுக்காரர், டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றினார். கால்களை மேலே தூக்கி அரை நிமிஷம் நின்றார். இறங்கி வந்து கிளாஸை எடுத்தபோது டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ ஒருவர், “கோவில்பட்டி நிக்குமா?” என்று கேட்டார். அண்ணாச்சி சிரித்தார். ஊர் வந்து சேரும்வரை காரில் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே வனிதாவைக் கூப்பிட்டுவிட்டார். வனிதா விளாத்திகுளத்துக்காரி. தோள்பட்டை விலகும்வரை மாநில அளவில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. சாயங்காலம் மண்டபத்தில் இருபத்து மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தாள். புதூரிலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்.

“டீச்சர், நம்ம போட்டிக்கு இன்னும் நாப்பது நாள் கெடக்கு. தொடக்க விழாவுல நான் கையால நிக்கணும். என்ன செய்யணும்?”

“மொதல்ல மல்லாக்கப் படுக்கணும், அண்ணாச்சி.”

அண்ணாச்சிக்கு அது மரியாதையாகப் படவில்லை. இருந்தாலும் படுத்தார்.

“முதுகு தரையில ஒட்டணும். நடுவுல என் விரல் போகக் கூடாது. இப்பக் கையையும் காலையும் ஒரு சாண் தூக்குங்க. தொப்புள உள்ள இழுத்துப் பிடிங்க. எல்லாரும் கைதான் நிப்பாட்டுதுன்னு நெனைக்காவ. நிப்பாட்டுதது வயிறுதான். வயிறு எளகிச்சுன்னா முதுகு வில்லா வளைஞ்சிரும். வளைஞ்சா விழுந்துருவீங்க.”

பக்கத்தில் பதினோரு வயது காவியாவும் அதேபோல் படுத்துக் காட்டினாள். ஒரு நிமிஷம் தாண்டியும் அவள் கால் நடுங்கவில்லை. நடுவில் அடுத்த பிள்ளையிடம் வீட்டுப்பாடம் பற்றி வேறு விசாரித்தாள். அண்ணாச்சி ஆறாவது விநாடியில் காலைக் கீழே போட்டார். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணிதான் காரணம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

“அடுத்தது விழப் படிக்கணும். சாயும்போது ஒரு கைய மாத்தி வச்சு, பக்கவாட்டுல எறங்கணும். இத மொதல்ல படிச்சாத்தான்…”

“விழுததுக்கு எனக்கு வாத்தியார் எதுக்கு டீச்சர்? நிக்கதச் சொல்லுங்க.”

நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் அவருக்குப் பதிலாக மேனேஜர் முத்துகிருஷ்ணன் ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

“அண்ணாச்சிக்கு லோடு ஏத்துத வேல கெடக்கு. நீங்க சொல்லுதத எழுதிட்டு வரச் சொன்னாவ.”

வனிதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். முன்னால் சாய்ந்தால் விரல் நுனியால் தரையைக் கிள்ள வேண்டும். பின்னால் சாய்ந்தால் உள்ளங்கையின் அடியை அழுத்த வேண்டும். தோள் காதைத் தொட வேண்டும். முத்துகிருஷ்ணன் எழுத்து விடாமல் எழுதினார். ‘வயிறு – இறுக்கம். பிட்டம் – இறுக்கம். மூச்சு – விடலாம்.’ அண்ணாச்சி அதைத் தினமும் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் சாய்ந்தபடி வாசித்தார். இரண்டே வாரத்தில் மனப்பாடம். மூன்றாம் வாரம் தனக்கு நிற்கத் தெரிந்துவிட்டது என்று முடிவுசெய்தார்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் முளைத்தது. அதில் அண்ணாச்சி கைகளால் நின்றார். யோசனை முத்துகிருஷ்ணனுடையது. கையை மேலே தூக்கி நிற்கும் அண்ணாச்சியைப் படம் பிடித்து அப்படியே கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வேட்டி ஒரு மடிப்புக் கலையாமல் கணுக்கால் வரை ஏறி நின்றது. தங்கச் சங்கிலி சட்டைமேல் சமர்த்தாகப் படுத்திருந்தது. ‘தலைகீழாய் நின்றாலும் தலைவர் தலைவரே!’ என்று கீழே எழுதியிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

“ஏலே, தோள்ல கெடக்க துண்டு ஆகாசத்தப் பாத்துல்லா தொங்குது!”

“தலைவரு துண்டுன்னா அப்படித்தாம்ல இருக்கும்.”

போட்டி நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நடுவர்கள் இரண்டு பேரும் தூத்துக்குடியிலிருந்து அண்ணாச்சியின் காரிலேயே வந்து இறங்கினார்கள். மேடையில் விருந்தினர் சோபா ஆடியதால், நாலு மேட்டையும் மடித்து அதன் அடியில் கொடுத்திருந்தார்கள். வனிதா கேட்டதற்கு, விழா முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அண்ணாச்சியின் பேச்சு நாற்பது நிமிஷம் போனது. பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் உடையில் வரிசையாக, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் காவியாவின் அம்மா வேலுத்தாய் எழுந்தாள். அண்ணாச்சியின் ஆபீஸில்தான் பெட்டி ஒட்டுகிறாள். கள்ளங்கபடில்லாத முகம்.

“மொதலாளி, பஸ் ஸ்டாண்டு போர்டுல நிக்கீங்கள்லா, அத ஒருக்க இங்கன செஞ்சு காட்டுங்க. புள்ளைய எல்லாம் பாக்கட்டும்.”

கைதட்டல் கிளம்பி அடங்கவே இல்லை. அவள் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி தயங்கவில்லை. அவருக்குத்தான் நோட்டு முழுக்கத் தெரியுமே. வேட்டிக்குள் டிராக் பேண்ட் போட்டே வந்திருந்தார். வேட்டியை அவிழ்த்து முத்துகிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டுக் கைகளை மேடைப் பலகையில் ஊன்றினார். முதல் உதைப்பில் கால் இரண்டு சாண் எழும்பியது. இரண்டாவது உதைப்பில் செருப்பு மட்டும் மேலே போனது. மூன்றாவதில் எழும்பிய தொடைகளை வனிதா ஓடிவந்து பிடித்து நிமிர்த்தினாள்.

“வயித்த இழுங்க அண்ணாச்சி.”

“இழுத்தாச்சு.”

“இன்னும் இழுக்கல.”

கீழிருந்து, ரத்தம் ஏறிய முகத்திலிருந்து குரல் வந்தது. “கைய எடுங்க டீச்சர். போட்டோவுல நீங்களும் விழுதீங்க.”

“எடுத்தா நீங்க விழுந்துருவீங்க.”

“தலைவரு சொல்லுதேன், எடுங்க!”

வனிதா கையை எடுத்தாள். எடுத்திருக்கக் கூடாது என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அண்ணாச்சி மூன்று விநாடி நின்றார். பிறகு வயிறு இளகியது, முதுகு வில்லாக வளைந்தது, கால்கள் பின்பக்கமாகப் போய்ப் பரிசுக் கேடயங்கள் அடுக்கியிருந்த மேசைமேல் இறங்கின. மேசை, கேடயங்கள், தலைவர், மூன்றும் ஒன்றாகக் கீழே வந்தன.

வலது தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. மூன்று காரில் கூட்டம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. தலைவரை அந்த நிலையில் விட்டுவிட்டு இருப்பது மரியாதையில்லை என்று நடுவர்களும் ஏறிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் மண்டபத்தில் பிள்ளைகளும் பெற்றவர்களும் வனிதாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

“போட்டி இல்லையா டீச்சர்?” என்றாள் காவியா. அழத் தயாராக இருந்தாள்.

வனிதா சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். “ஏட்டி, நாலு பேரு இங்கன வாங்க. இதத் தூக்குங்க.”

மேட் விரிந்தது. வேலுத்தாயின் செல்போனில் நேரம் பார்த்தார்கள். கைகளால் யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவருக்கு முதல் பரிசு, அவ்வளவுதான் விதி. காவியா நன்றாகத்தான் நின்றாள். ஆனால் நடுவில் அம்மாவைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள். முதுகு வளைந்தது, இறங்கிவிட்டாள். வேலுத்தாய் செல்லைப் பார்த்தாள். போன் அவள் கையில். எட்டிப் பார்ப்பவர் யாருமில்லை.

“முப்பத்தொண்ணு,” என்று இருந்ததையே சொன்னாள்.

புதூர் முத்துமாரி நாற்பத்து நாலு விநாடி நின்று முதலாவதாக வந்தாள். கேடயங்கள் உடைந்துபோனதால் விருந்தினர்களுக்கு வைத்திருந்த முந்திரிப் பொட்டலங்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். கேடயத்தைவிட அதற்குத்தான் பிள்ளைகளிடம் மதிப்பு இருந்தது.

மறுநாள் பேப்பரில், மாணவிகளுக்குச் செய்முறை விளக்கம் தந்தபோது தலைவர் காயமடைந்ததாக வந்தது. கழகத்திலிருந்து வனிதாவுக்கு ஒரு கடிதம் வந்தது. கையை ஏன் எடுத்தாய் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘எடுக்கச் சொன்னார், எடுத்தேன்’ என்று எழுதி அனுப்பினாள். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டு மூன்று வாரம் தொங்கியது. அதற்குள் மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டது. ஆறு பிள்ளைகளின் விண்ணப்பப் பாரத்திலும் தலைவர் கையெழுத்து வேண்டும். வனிதா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். ஒரு மணி நேரம் காக்கவைத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணாச்சி கழுத்தில் மாட்டிய கைத்தொட்டிலில் வலது கையைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பாரங்களைத் தொடவில்லை.

“ஊருல மூணு செகண்டுன்னு பேசுதானுவ, டீச்சர். அது மதுர வரைக்கும் போயிருக்கு. நீங்கதான பக்கத்துல நின்னீங்க. பத்து செகண்டு நின்னேன்னு எழுதிக் குடுங்க.”

வனிதாவுக்கு முதலில் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. மேசைமேல் கிடந்த ஆறு பாரத்தையும் பார்த்தாள். புகைப்படத்தில் முத்துமாரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

“பதினஞ்சுன்னே எழுதுதேன் அண்ணாச்சி. ஆறுலயும் கையெழுத்துப் போடுங்க.”

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பதினஞ்சா?”

“மண்டபத்துச் சாவியக் குடுத்தா இருவது.”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். யோசிப்பதுபோலவாவது இருந்தார். “மதுரக் கூட்டத்துல அந்த ஆளு முப்பது நின்னான்.”

“மேட்டு நாலும் இனிமே சோபாவுக்கு அடியில போகக் கூடாது. புதுசா ரெண்டு வாங்கித் தரணும். அப்ப முப்பத்தஞ்சு.”

“எழுதுங்க.”

வனிதா கழகத்தின் தாளிலேயே, அழகான கையெழுத்தில், தேதியெல்லாம் போட்டு எழுதினாள். அண்ணாச்சி இடது கையால் ஆறு பாரத்திலும் கிறுக்கினார். முத்துகிருஷ்ணன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்; அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுபோனார்.

சாயங்காலம் மண்டபம் திறந்தது. புதூர் பஸ் தாமதமாக வந்ததால் முத்துமாரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பையை ஓரமாகப் போட்டுவிட்டு மேட்டில் காவியாவுக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்தாள். வனிதா குனிந்து அவள் முதுகுக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“சரி, காலத் தூக்கு,” என்றாள்.