பதினேழாம் வரிசைச் சண்டை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், அய்யனார் கோவில் அருவி ஊருக்கெல்லாம் விழுந்து என் தலைக்கு மட்டும் ஒதுங்கிப் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் இராஜபாளையத்தில் கிடையாது.

என் பெயர் பால்ச்சாமி. வயது எழுபத்தொன்று. புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்யும் தறிகளுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனியில் ஃபெர்ம்வேர் எழுதினேன். சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிக்கிற புரோகிராம் அது. அதற்குள் ஒரு முகவரி அட்டவணை உண்டு. நகராட்சி நம் வீட்டுச் சுவரில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு எழுதி வைத்திருக்கிறதே, அதே சங்கதிதான். புரோகிராம் ஓர் எண்ணைக் கேட்கும். அது மெமரியில் உண்மையில் எங்கே இருக்கிறதென்று அட்டவணை கை காட்டும். காட்டிய கை தவறினால், தறிக்குப் போகவேண்டிய உத்தரவு வேறு யார் வீட்டுக் கதவையோ போய்த் தட்டும்.

அட்டவணையைப் பராமரிக்க இரண்டு பேர். நான் ஒருவன். மற்றவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் இருந்த யோகேஸ்வரி. நாற்பது வயது; என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு அவளைக் கண்டால் ஆகாது என்பதை எழுதவேண்டியதில்லை; எழுதிவிட்டேன்.

மாதாந்திர மின்தடை எங்கள் ஊரில் ஒரு நாள், அவள் ஊரில் வேறொரு நாள். எனக்குக் கரண்ட் இல்லாத நாளில் அவள் என் வரிசைகளை மாற்றுவாள். அவளுக்கு இல்லாத நாளில் நான் பழையபடி ஆக்குவேன். மாற்றிய இடத்தில் குறிப்பும் எழுதுவோம். “இந்த வரியத் தொட்டா கை வெளங்காது” என்று நான் எழுதிவைத்தேன். அடுத்த மாதம் அதற்குக் கீழே, “தொட்டாச்சு. கை நல்லாத்தான் இருக்கு. உமக்குக் கண்ணு எப்படி?” என்று இருந்தது. ஒன்பது வருடம் இப்படியே போயிற்று.

ஒரு திங்கட்கிழமை முதலாளி பொன்னுராஜ் எங்கள் இரண்டு பேரையும் ஒரே போனில் பிடித்தார்.

“வெள்ளிக்கிழமை நம்ம போர்டு வாங்குற ஆளுக தறிய ஓட்டிப் பாக்க வாராவ. அன்னைக்கு மெஷின் மக்கர் பண்ணுச்சுன்னா, பதினேழாவது வரிசையில கடைசியா கை வச்சது யாரோ, அவிய வீட்டுக்குப் போயிரலாம்.”

துணி எங்கே வெளியே வரவேண்டும் என்பது அந்தப் பதினேழில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை எங்கள் ஊரில் மின்தடை. சும்மா இருப்பாளா? காலையிலேயே பஸ் ஏறி அவள் ஆபீசில் போய் நின்றேன்.

“என்ன பெரியவரே, கரண்ட் இல்லேன்னதும் ஊர் ஊராத் திரியுதீரு?”

“ஏட்டி, பதினேழுல கை வச்சியா?”

“வச்சேன். நீரு எழுதிவச்ச கூத்தப் பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன செத்தா கெடக்கேன்? இன்னொருவாட்டி ஏட்டின்னீருன்னா கீபோர்டு உம்ம மண்டையில இருக்கும்.”

சொன்னேன். இருந்தது.

அவள் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தால் வேலை போவது அவளுக்குத்தான். ஆனால் தப்பான வரியைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப என்னால் ஆகாது. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, கை அரிப்பு. நாற்காலியோடு அவளைத் தள்ளிவிட்டு மாற்றினேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரும்ப மாற்றினாள். சாயங்காலம் நாலு மணிக்குள் நாற்பத்தேழு தடவை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும், சிப் மனதில் வைத்திருக்கும் பழைய எண்ணை அழிக்கச் சொல்லவேண்டும். அவள் அழித்திருப்பாள் என்று நான் விட்டேன். நான் அழித்திருப்பேன் என்று அவள் விட்டாள். கடைசிக் கை என்னுடையது.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தார்கள். தறியை ஓட்டினோம். நூல் உள்ளே போனது. துணி வெளியே வரவில்லை. நூல் போய்க்கொண்டே இருந்தது. பொன்னுராஜ் தறியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது போன் அடித்தது.

“பெரியவரே, இங்க என் பிரிண்டர்ல இருந்து காஸ் துணி வருது.”

“எம்புட்டு?”

“வாசலத் தாண்டிருச்சு. மாடு ஒண்ணு தின்னுக்கிட்டு நிக்கு. நிப்பாட்டும்யா!”

நிறுத்தவில்லை. வந்தவர்களை வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனோம். அவர்கள் துணியை இழுத்துப் பார்த்து, இழை எண்ணி, திருப்தி என்றார்கள். அகலம் ஏ-ஃபோர் அளவுக்கு மேல் இல்லையே என்று ஒருவர் மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

பொன்னுராஜுக்குத்தான் குழப்பம். துணி வந்துவிட்டது; ஆனால் பதினோரு கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கிறது.

“இது மக்கரா, இல்லியா?” என்றார்.

“மக்கர்தான். கடைசிக் கை அவருது” என்றாள் யோகேஸ்வரி.

“மொதக் கை யாருது? அதச் சொல்லு” என்றேன்.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க.”

யாரை அனுப்புவதென்று தீர்ப்புச் சொல்ல, வெளியிலிருந்து ஜெபக்குமார் என்ற இன்ஜினியரை வரவழைத்தார். அவர் போர்டைத் திருப்பி, சிப்பின் முதுகில் இருந்த எண்ணைப் படித்து, ஏதோ புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் இரண்டு பேரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிய அவருடைய அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: இந்தச் சிப்புக்கு முகவரி அட்டவணையைப் படிக்கும் வசதியே கிடையாது.