பதினேழாவது முகம்

"பதினேழு மூஞ்சி இருக்கு. கையெழுத்து ஒண்ணுகூட இல்லையே," என்றார் டீச்சர்.

"நாளைக்கு வாங்கிட்டு வந்துடுறேன் டீச்சர்."

"இதையேதான் திங்கக்கிழமையும் சொன்ன. அப்பா ஊர்ல இல்லையா?"

"வீட்லதான் இருக்காரு."

"அப்புறம் என்னம்மா?"

நான் மேசையைப் பார்த்தேன். ஆசிரியர் அறையின் அந்தப் பெரிய மேசை முழுக்க என் அப்பா பரவிக் கிடந்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, புளிப்பு மிட்டாயைக் கடித்தவர்போல் உதட்டைச் சுழித்துக்கொண்டு. நாளை மறுநாள் பெற்றோர் கூட்டம். அதற்குள் கையெழுத்து வந்தால்தான் சுவரில் ஒட்டுவேன் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லி, தாள்களை அடுக்கி ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குச் செரிமான மண்டலத்தை அவர் மீம் போட்டுத்தான் நடத்தினார். பள்ளியில் போன் கூடாது என்பதால் எல்லாம் காகிதத்தில். தாளின் நடுவில் ஒரு படம், மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. மேல் வரி பாடத்தில் இருப்பது. கீழ் வரி, அந்த உறுப்பு மனசுக்குள் நினைத்துக்கொள்வது. சினிமாப் படமும் நெட்டில் எடுத்ததும் செல்லாது. வீட்டு மனிதர்களின் படம்தான் வேண்டும், அதுவும் படத்தில் இருப்பவரிடம் காட்டி, அவர் பார்த்துச் சிரித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான். போன வருஷம் யாரோ, எங்கள் பள்ளி வாட்ச்மேன் கொட்டாவி விடும் படத்தில் இரண்டு வரி எழுதிப் பரப்பிவிட்டார்கள். அவர் ஒரு வாரம் எங்கள் யாருடைய வணக்கத்துக்கும் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து வந்த விதி இது.

மற்றவர்கள் கொண்டுவந்தது எல்லாம் கல்யாண ஆல்பத்துப் படங்கள். ஆளாளுக்குத் தூணை விழுங்கியதுபோல் விறைத்து நின்றார்கள். மூஞ்சி என்று சொல்லத்தக்க மூஞ்சி என்னிடம்தான் இருந்தது. வகுப்பில் என் பெயரே ஸ்டூடியோ. எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படத்துக்கு அழுதுகொண்டே வரும் குழந்தைகள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் அழ மறந்துவிடும்.

தினமும் காலையில் கடை திறந்ததும் அவர் எடுக்கும் முதல் படம் அவருடையது. ஸ்டூலில் தானே உட்கார்ந்து, டைமர் வைத்து, ஒரு கோணங்கி செய்வார். விளக்குகள் இரண்டு பக்கமும் சமமாக விழுகின்றனவா என்று பார்க்கத்தான். அந்தப் படங்களுக்கென்று கணினியில் ஒரு ஃபோல்டர், பெயர் 'லைட் டெஸ்ட்'. ஒரு மத்தியானம் அப்பா தூங்கும்போது கடைசிப் பதினேழையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வகுப்பில் என் படங்களை ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். 'என் நீளம் ஆறு மீட்டர்' என்று மேலே, 'ஆனால் பெயர் சிறுகுடலாம்' என்று கீழே, நடுவில் ஒற்றைப் புருவத்தை உயர்த்திய அப்பா. 'பித்தநீரைச் சுரப்பது கல்லீரலாகிய நான்', 'பெயர் என்னவோ பித்தப்பைக்கு', நடுவில் உதட்டைப் பிதுக்கிய அப்பா. கடைசி பெஞ்சு வரைக்கும் சிரித்தது. இரைப்பையில் என்ன அமிலம் என்று கேட்டால் வாயே திறக்காதவர்கள், இப்போது என் அப்பாவின் குரலை ஊகித்துக்கொண்டு அதில் பதில் சொன்னார்கள்.

நாங்கள் குண்டூசி என்று கூப்பிடும் பக்கத்து இருக்கைக்காரிக்குக் கிடைத்தது பதினேழாவது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். நான் கை நீட்டுவதற்குள் அவள் பசை தடவி ஒட்டிவிட்டாள்.

அது இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு காலையில் எடுத்தது. அப்பா வழக்கம்போல் பல் தெரியச் சிரித்திருக்கிறார். திரையில் பார்த்தால் இடது பக்கம் மட்டும் வரவில்லை. இடது விளக்கு சரியில்லை என்று நினைத்து, அந்தப் படத்தை அழித்துவிட்டு, விளக்கை நகர்த்தி இன்னொன்று எடுத்தார். அதையும் அழித்து, பல்பை மாற்றி இன்னொன்று. நாலாவது முறை விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா உள்ளே வந்து, விளக்கைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

முகவாதம் என்றார் டாக்டர். நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடும், கண்ணாடி முன்னால் நின்று தினமும் இரண்டு வேளை முகப்பயிற்சி செய்யவேண்டும். புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி. வாழ்நாள் முழுக்கக் காசு வாங்காமல் செய்ததையே மருந்தாக எழுதிக் கொடுத்தால் அப்பா செய்யமாட்டேன் என்றார். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மாஸ்க் போட்டுக்கொண்டார். வீட்டிலும் கழற்றுவதில்லை. கடையில் ஜெராக்ஸ், லேமினேஷன் மட்டும் அம்மா பார்த்துக்கொண்டாள். படம் எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். "உங்கப்பா கண்ணாடியோட டூ விட்டுட்டாருடி," என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

வகுப்பில் இது யாருக்கும் தெரியாது. குண்டூசி அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். மற்றதெல்லாம் ஒரு தடவை சிரித்தால் தீர்ந்துபோகிறது, இது தீரவில்லை என்றாள். பாதி முகம் ஒன்று நினைக்கிறதாம், மீதி வேறொன்று நினைக்கிறதாம். அவளுக்கு வந்த உறுப்பு குடல்வால். மேலே 'எனக்கு இங்கே பெரிதாக வேலை எதுவும் இல்லை' என்று எழுதினாள். பேனாவைக் கடித்து யோசித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'ஆனாலும் உங்களோடுதான் இருப்பேன்.'

அதற்கு வகுப்பு சிரிக்கவில்லை. யாரோ 'ச்சோ' என்றார்கள். சுவரின் நடுவில் இதைத்தான் ஒட்டவேண்டும் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

டீச்சர் கோப்பைக் கொடுத்த அன்று சாயங்காலம் வழி முழுவதும் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு அது அச்சாக வரும். ஆனால் வாட்ச்மேனின் முகம் நினைவுக்கு வந்தது.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அப்பா ஸ்டூடியோவின் உள்ளே, எரியாத விளக்குகளுக்கு நடுவில், லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருந்தது. நான் கோப்பை மேசையில் வைத்தேன். கேட்காமல் எடுத்தேன் என்பதை முதலில் சொன்னேன். பிறகு டீச்சரின் விதியைச் சொன்னேன். பதினேழாவதை மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன்.

அவர் முதல் தாளை எடுத்தார். பிரிண்ட் பார்ப்பதுபோலவே கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். எந்தக் கடையில் அச்சடித்தாய், கறுப்பு இவ்வளவு வெளிறியிருக்கிறதே என்று கேட்டார். நம் கடையில்தான் என்றேன். உள்ளேயிருந்து அம்மா, மை வாங்கிப் போட ஆளில்லை என்றாள்.

சிறுகுடல் தாளில் ஒன்றும் ஆகவில்லை. கல்லீரலில் மாஸ்க் அசைந்தது. பெருங்குடல் வந்தபோது தோள் குலுங்கியது. மூச்சு முட்டியதோ என்னவோ, மாஸ்க்கை இறக்கிவிட்டார். இரண்டு மாதத்தில் நான் பார்க்காத முகம். வலது பக்கம் சிரித்தது, இடது பக்கம் பொறுமையாகக் காத்திருந்தது. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தக் கண் சரியாக மூடுவதில்லை, எப்போதும் வழியும். அதனால் அது எந்த நீர் என்று எனக்குத் தெரியவில்லை.

பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு தாளிலும், படம் கெடாத மூலையாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். பதினாறு போட்டார்.

பதினேழாவதை எடுத்ததும் கை நின்றது. மேல் வரியைப் படித்தார். கீழ் வரியைப் படித்தார். மறுபடி மேல் வரிக்குப் போனார்.

"யாரு எழுதுனது?"

"குண்டூசிப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மூஞ்சியப் பாத்துட்டு அவளாவே எழுதுனா."

அவர் தாளை மேசையில் வைத்தார். அடியில் செருகாமல், கவிழ்க்காமல், சும்மா வைத்தார். பேனா இன்னும் விரலில் இருந்தது. நான் எழுந்துபோய் இடது பக்க விளக்கின் சுவிட்சைப் போட்டேன். அது ஒழுங்காகத்தான் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பாவும் படத்தில் இருந்த அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவருகில் வந்து நின்றிருந்தாள்.

தாளை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"இதுலயும் போடுங்கப்பா."