எண் இல்லாத உத்தரவு

கொல்லங்கோடு கடைவீதி மாடியில் நாச்சம்மாள் நடத்திய தட்டச்சுப் பள்ளிக்கு அன்று காலை அதிகாரி ஞானஜோதி வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. பதவி மிடுக்கு மட்டும் துளியும் குறையவில்லை. பின்னால் பியூன் ஒரு பெரிய கோப்புக் கட்டைத் தூக்கி வந்தான்.

"சர்க்கார் வந்திருக்கு" என்றார், தன்னைத்தான்.

"சர்க்கார் ஒக்காருங்க. நாற்காலிக்கு ஒரு காலு ஆடும், பாத்துங்க" என்றாள் நாச்சம்மாள்.

அவர் கேட்டது சின்ன விஷயம்தானாம். படிக்கிற பிள்ளைகள் எந்த ஊர், அப்பனுக்கு என்ன வேலை, எந்தத் தொழிற்சங்கம், இங்கே எதற்கு வந்தார்கள், எல்லாம் வேண்டும். தோட்ட முதலாளிமாருக்கும் ஒரு நகல் போகும்.

"எல்லாம் பிள்ளைங்க நன்மைக்குத்தான்."

நாச்சம்மாளின் பார்வை ஜன்னலோர மிஷினுக்குப் போனது. அங்கே அழகுத்தாய். வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்துப் பெண். அத்தைக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றுதான் அவள் அப்பன் தோட்டத்தில் சொல்லியிருந்தான். கொழுந்து கிள்ள வேண்டியவளைப் படிக்க அனுப்பியது தெரிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். பரீட்சை அடுத்த மாதம்.

"பரீட்சைக்குப் பேரு, வயசு, ஹாஜர் கேளுங்க, இப்பவே தர்றனுங்க. அங்கீகாரம் குடுத்த சட்டத்துல அது இருக்குது. அப்பன் எந்தச் சங்கம்னு கேக்கறது எந்தச் சட்டத்துலீங்க?"

"என்கிட்டயே சட்டமா?"

"தெரியாமத்தானுங்க கேக்கறேன். எழுத்துல குடுத்துருங்க."

"எழுத்துதானே? டைப் அடிக்க ஆளைக் கூப்பிடுங்க, இங்கேயே சொல்றேன்!"

பள்ளியில் வேகக்காரி அழகுத்தாய்தான். நாச்சம்மாள் அவளையே கூப்பிட்டாள். "பயப்படாத அம்மணி. அவரு சொன்னத அடி. சொல்லாதத அடிக்காத." அங்கே முதல் நாள் பாடமே அதுதான்.

ஞானஜோதி எழுந்து நின்று சொன்னார். தன் பெயர், பட்டங்கள், பதவி, முந்தைய பதவி. வரிக்கு வரி மிஷின் மணியடித்தது. ஏதோ பூஜை நடப்பது போலிருந்தது. கடைசியில், "மேற்படி விவரங்களைச் சட்டத்தின் பிரிவு..." என்றார். நின்றார்.

அழகுத்தாயின் விரல்களும் நின்றன. மற்ற மிஷின்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"என்ன நம்பரு சார்?"

"அதை விட்டுட்டு மேல அடி."

"விட்டுட்டு அடிச்சா பரீட்சையில மார்க்கு போயிரும் சார்."

"அப்ப ஏதாவது ஒரு நம்பரைப் போடு!"

"எதுன்னு நீங்களே சொல்லுங்க சார், போடுறேன். கையெழுத்து உங்களுதுதான?"

பியூனுக்கு இருமல் வந்தது. பொய் எண்ணுக்குக் கீழே தன் கையெழுத்து கிடப்பதை ஞானஜோதி ஒரு கணம் மனக்கண்ணில் கண்டிருக்க வேண்டும். கட்டைப் பிரித்துத் தேடினார். வெறும் படிவங்களும் மதியச் சோறும் இருந்தன. சட்டம் இல்லை. தடுமாறி உட்கார்ந்தார், நாற்காலி ஆடியது.

"நம்பர் கெடச்சா வாங்க, சட்டம் இருந்துச்சுன்னா நானே எழுதித் தர்றனுங்க" என்றாள் நாச்சம்மாள். பெயர், வயது, ஹாஜர் மட்டும் வாங்கிக்கொண்டு சர்க்கார் படியிறங்கியது.

அழகுத்தாய் காகிதத்தை உருவினாள். "திரும்ப வருவாரா டீச்சர்?"

"தேடிக் கண்டுபுடிச்சு வரட்டும். அதுக்குள்ள உனக்குப் பரீட்சை முடிஞ்சிரும்." நாச்சம்மாள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அத்தன பட்டத்தையும் தப்பில்லாம அடிச்சிருக்கறயே! இதவிடப் பெரிய பாடம் பரீட்சையில வராது. போ, அடுத்தத எடு."