கையில் துள்ளிய கியர் கம்பி

பவுன் இரண்டு முறை டிரைவிங் டெஸ்டில் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே இடம்தான். மேட்டில் நிறுத்திய காரைப் பின்னால் உருளவிடாமல் கிளப்ப வேண்டும். கிளட்சிலிருந்து காலை எடுத்ததும், ஈ மொய்த்த எருமை மாதிரி வண்டி உடம்பை உதறிக்கொண்டு அணைந்துபோனது. இரண்டாம் முறை இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "தாயி, காடி சாலவா, நாச்வூ நகா" என்றார். வண்டியை ஓட்டுங்கள் அக்கா, ஆட வைக்காதீர்கள் என்று அந்த ஊர் மொழியில் அர்த்தம். லோஹேகாவ் வீட்டுக்கு வந்து சேரும்வரை அவள் கணவர் சின்னதுரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது வழக்கமான தீர்ப்பையும் வாசித்தார்.

"காலை மெதுவா விடு, மெதுவா விடுன்னு நூறு தடவை சொல்லியாச்சு. ஒனக்கு இருக்கது காலு இல்லட்டி, உலக்கை."

சிரிப்பதற்கு அவளுக்கு நேரமில்லை. ஹடப்சரில் ஓர் ஆடை ஏற்றுமதித் தொழிற்கூடத்தில் பதினோரு வருஷமாக அவள் தையல் வேலை பார்த்தாள். ஜூலை முதல் தேதியிலிருந்து அவள்தான் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் ஆறரை மணிக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும். லோஹேகாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் ஏழரைக்கு முன் போய்ச் சேர வழியே இல்லை. ஆனால் அவர்களுடைய பழைய வெள்ளை மாருதி வாரம் முழுக்கத் தகரக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டரான சின்னதுரை கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர். திங்கட்கிழமை மூன்றாவது டெஸ்ட். புதன்கிழமையோடு அவளுடைய பழகுநர் உரிமம் காலாவதி. திங்களன்று தோற்றால் சூப்பர்வைசர் நாற்காலி அடுத்த வரிசை மல்லிகாவுக்குப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் வெளியே மழை. பவுன் கொட்டகையில் நின்ற காருக்குள் தனியாக உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை இம்மி இம்மியாக விட்டுப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் கியர் கம்பி அவள் உள்ளங்கையில் வந்து இடித்தது. பத்தாவது தடவை அவள் காலைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

சின்னதுரை டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால விடுதது நானு. சரி, ஒத்துக்கிடுதேன். கையில வந்து இடிக்கது யாரு?"

"என்னட்டி சொல்லுத?"

"கியர் கம்பி துள்ளுது. வந்து பானட்டைத் தொறந்து வச்சிக்கிட்டு முன்னாடி நின்னு பாருங்க."

"நீ உள்ள இருக்கயில நான் முன்னாடி நிக்கணுமா? எல்.ஐ.சி. ஒழுங்காக் கட்டிட்டு வாறேன்னு தைரியமா?"

அவர்கள் மகள் கீர்த்தி காலேஜ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அரே அப்பா, ஒரு தடவை பாருங்க நா. மம்மி எத்தனை ஓவர் வெயிட் பண்ணுவாங்க?"

சின்னதுரை முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டார். பவுன் ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு மறு காலால் கிளட்சை விட்டாள். எஞ்சின், கொதிக்கிற சோற்றுப்பானையின் மூடி போல ஒரு பக்கம் எழும்பி நின்றது. ரிவர்ஸில் விட்டபோது மறுபக்கம் எழும்பியது. சின்னதுரையின் முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது.

பக்கத்து வீட்டு ஜெபகுமார் அதே தொழிற்சாலைக்காரர், சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். சத்தம் கேட்டுக் குடையோடு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஃபவுண்டேஷன் போச்சு, அண்ணாச்சி. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்குத ரப்பர் மூணும் செத்துட்டு."

"நான் ஓட்டும்போது ஆடலியே, ஜெபா?"

"நீங்க மூணு வருசமா ஓட்டுதிய. அது கொஞ்சங் கொஞ்சமாச் செத்துச்சு, ஒங்க காலும் கொஞ்சங் கொஞ்சமா அதுக்குத் தக்கனப் பழகிட்டு. மைனி பழக ஆரம்பிச்சு ஆறு மாசந்தானே ஆகுது?"

பவுன் உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள். சின்னதுரையின் டம்ளரில் மட்டும் சர்க்கரை போட மறந்துபோனாள்.

சாயங்காலமே இரண்டு ஆண்களும் ஸ்கூட்டரில் நானா பேட் உதிரிபாகக் கடைகளுக்குப் போய் மூன்று புது ரப்பர் மவுண்டிங்குகளும் வாங்கி வந்தார்கள். ஞாயிறு காலை வேலை தொடங்கியது. காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினார்கள். எஞ்சினின் ஆயில் சட்டிக்கு அடியில் பலகை வைத்து, பலகைக்கு அடியில் ஜாக்கை வைத்து, எஞ்சினை விழாமல் தாங்கிக்கொண்டார்கள். ஜாக் பவுனின் பொறுப்பு. "ஒரு நூல் ஏத்து", "அரை நூல் எறக்கு" என்று சின்னதுரை வண்டிக்கு அடியிலிருந்து உத்தரவு போட்டார். கழற்றி வைத்த ரப்பர்கள் எண்ணெயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தன. கியர் பாக்ஸைத் தாங்கிய ரப்பர், தொட்டதும் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

புதியவற்றில் முதல் இரண்டும் சுலபமாக உட்கார்ந்தன. சின்னதுரை அவற்றின் போல்ட்டுகளை நீள ஸ்பேனர் போட்டு முழுசாக முறுக்கினார். மூன்றாவதன் ஓட்டை விரற்கடை தள்ளி நின்றது. கம்பிப்பாரையைக் கொடுத்து நெம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை ஏற்றி, அதையும் இறுக்கினார்.

காரை இறக்கி ஸ்டார்ட் செய்தபோது தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று பறந்தது. அது போய் ஓயட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஓய்ந்த பிறகும் உறுமல் ஓயவில்லை. அது காரிலிருந்து வந்தது. ஸ்டியரிங் கை கூசும்படி அதிர்ந்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் வேலோடு நடுங்கினார்.

சின்னதுரை துணியில் கையைத் துடைத்தார். "புது ரப்பர் போட்டாச்சு. இனிமே வண்டியைக் குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கிடு."

பவுன் தன் காலைப் பார்த்தாள். ஒருவேளை கால்தானோ? ஆனால் அவள் இப்போது கிளட்சைத் தொடவே இல்லையே. வண்டி சும்மா நின்றுகொண்டுதானே அதிருகிறது! அவளுக்குச் சட்டென்று வீட்டுக் கட்டில் ஞாபகம் வந்தது.

"நாலு குவார்ட்டர்ஸ் மாறியிருக்கோம். நாலு வீட்டுலயும் அந்தக் கட்டிலை மாட்டுனது யாரு?"

"நாந்தான். அதுக்கு என்ன இப்ப?"

"ஒரு வீட்டுலயாவது ஆடாம நின்னிச்சா? முதல் மூணு காலையும் முறுக்கி வச்சிருவிய. நாலாவது கால் சேராது. அதை மிதிச்சுச் சேப்பிய. பொறவு வருசம் பூரா அட்டையை மடிச்சி அடியில குடுக்கது நானு."

ஜெபகுமார் வானத்தைப் பார்த்தார். "கட்டில் ஆடுத கதையெல்லாம் எனக்கு வேண்டாம், மைனி."

"சும்மா இரும். மூணு போல்ட்டையும் தளத்துங்க. கழட்ட வேண்டாம், தளத்துனாப் போதும். எஞ்சினை ஓட விடுங்க. அதுக்குப் பிடிச்ச எடத்துல அது உக்காரட்டும். அப்புறம் முறுக்குங்க."

இருபத்தாறு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவருக்கு அதைக் கேட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷமும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரை மறுபடி தூக்கி நிறுத்தி, ஸ்பேனரோடு அடியில் போனார். போல்ட்டுகள் தளர்ந்ததும் எஞ்சினை ஓடவிட்டார்கள். மூன்றாவது மவுண்டிங் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. கம்பிப்பாரையால் நெம்பிய இடத்திலிருந்து எஞ்சின் தானாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. எஞ்சினை அணைத்து இறுக்கினார்கள். தொய்ந்து கிடந்த கிளட்ச் கேபிளையும் ஜெபகுமார் அளவாக இழுத்து வைத்தார்.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது முருகன் அசையாமல் நின்றார். கீர்த்தி ஓடி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சாலூ ஹே க்யா? ஓடுதா இல்லையா?" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் பவுன் விமானப்படைத் தளத்தின் சுவரை ஒட்டிய ஏற்றத்தில் இருபது தடவை காரை நிறுத்தி எடுத்தாள். கியர் கம்பி கையில் பூனைக்குட்டி போலக் கிடந்தது. சின்னதுரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதே இன்ஸ்பெக்டர். அவளைப் பார்த்ததுமே சிரிக்கத் தயாரானார். மேட்டில் வண்டி நின்றது, ஒரு மூச்சு விட்டது, மேலே போனது. அவர் சிரிக்க மறந்து காகிதத்தில் டிக் போட்டார். "வாஹ்! தாயி, வாஹ்!" என்று பாராட்டினார்.

பவுன் இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, சின்னதுரை பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ரப்பர் மாற்றிய பிறகு அவர் காரை ஓட்டுவது இதுதான் முதல் தடவை. ஆபீஸ் கேட்டுக்குப் போகும் சின்ன ஏற்றத்தில், மூன்று வருஷம் பழகிய காலால் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி குதித்தது. பின்னால் வரிசையில் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. இன்ஸ்பெக்டர் காகிதப் பலகையோடு ஜன்னலுக்கு வந்தார்.

"தும்சா நம்பர் காய்?"

உங்கள் நம்பர் என்ன என்று கேட்டவர், சின்னதுரையை அடுத்த பரீட்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்.

சின்னதுரைக்கு வியர்த்தது. "வண்டியில என்னமோ கோளாறு, பவுனு."

"வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் பவுன். "காலை மெதுவா விடுங்க."

அவர் மூன்றாம் முறை விட்டுப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவருகே நின்றார். பவுன் உள்ளேயே நகர்ந்து டிரைவர் சீட்டுக்குப் போனாள். கேட்டைத் தாண்டி அவள் வண்டியைச் சங்கம் பாலத்தில் ஏற்றினாள். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முதலில் சிரித்தது சின்னதுரைதான்.